நன்றாகத் தூங்கும் பிள்ளைகள்

மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு பார்லித் தண்ணீர் குடிக்கிற சூட்டுக்கு ஆறியிருக்கும். அதற்கு முன்னால் கொடுத்தால் நாக்கு சுட்டுவிடும். தாமதித்தால் பிள்ளைகள் மறுபடியும் விளையாட்டில் இறங்கிவிடுவார்கள், பிறகு படுக்கவைப்பது பெரும்பாடு. இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இல்லை. செய்து செய்துதான் வரும்.

நீங்கள் காபியைக் குடியுங்கள், இன்ஸ்பெக்டர் சார். ஆறிப்போகிறது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்று எதைச் சொல்வது என்று தெரியவில்லை. வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

'சின்ன மேகம்' ஒரு சாதாரண அடுக்குமாடி வீடுதான். தரைத்தளம். பெரிய அறையில் விளையாட்டும் சாப்பாடும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தூங்கும் அறை. பதினோரு பிள்ளைகள், எல்லோரும் மூன்று வயதுக்குள். அதில் ஒருவன் என் மகன் யூல். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நானும் போரமும். போரம் இரண்டாவது வருடமாக என்னிடம் வேலை பார்க்கிறாள். என்னைப் பெரிய டீச்சர் என்பாள்.

என் காப்பகத்தில் மேசை முனைகளுக்கெல்லாம் ரப்பர் ஒட்டியிருக்கிறேன். விரல் நசுங்காமலிருக்கக் கதவுக் கீல்களுக்கு உறை போட்டிருக்கிறேன். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குவோம். குறுக்கே நறுக்கினால் அதுவும் உருண்டைதான், தொண்டையில் போய் அடைக்கும். கிம்ச்சி ஊறுகாயைக் காரம் போகத் தண்ணீரில் அலசிக் கொடுப்போம். மல்லாக்கத்தான் படுக்கவைப்போம். தூங்கும்போது மூக்குக்குக் கீழே விரல் வைத்து மூச்சு பார்ப்போம். இத்தனை வருடத்தில் என்னிடம் வந்த ஒரு பிள்ளைக்கும் ஒரு தையல்கூடப் போட்டதில்லை.

பிள்ளை இன்வூவின் உடம்பிலும் காயம் எதுவும் இல்லை. அதை நீங்களே பார்த்தீர்கள்.

கேமராப் பதிவுகளை எடுத்துக்கொண்டு போனீர்கள். அடித்தோமா, கிள்ளினோமா, போர்வையைப் போட்டு அழுத்தினோமா என்று தேடினீர்கள். எதுவும் இல்லை. "பாக்கவே நிம்மதியா இருந்துச்சு மேடம், என் பொண்ணை உங்ககிட்ட விட்டிருக்கலாம்னு தோணுச்சு" என்று உங்களோடு வந்த தம்பி சொன்னார். அவரை நீங்கள் முறைத்தீர்கள். அவர் தப்பாக எதுவும் சொல்லிவிடவில்லை. எங்கள் காப்பகத்தைப் பார்க்கிற எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

தூக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

பிள்ளை வளர்வது தூக்கத்தில்தான். எலும்பு நீள்கிறது. காலையில் கற்றுக்கொண்ட சொல் மூளையில் போய் உட்காருகிறது. தூங்காத பிள்ளை மூன்று மணிக்குக் கடிக்கும். நாலு மணிக்குத் தலையைச் சுவரில் மோதும். ஆறு மணிக்கு அம்மா வரும்போது தரையில் புரண்டு அழும். அம்மா அன்றைக்கு முழுவதும் வேறு எங்கோ நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவள். அவளுக்கு நம்மேல் சந்தேகம் வரும். இங்கே என்னவோ செய்கிறார்கள் என்று நினைப்பாள்.

எங்கள் அடுக்குமாடித் தொகுதியில் மூன்று காப்பகங்கள் இருந்தன. பிள்ளைகளே பிறப்பதில்லை. மற்ற இரண்டும் இப்போது முதியோரைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடங்களாகிவிட்டன. சின்ன நாற்காலிகளை வெளியே எடுத்துப்போட்டுவிட்டுக் கைப்பிடி வைத்த நாற்காலிகளை இறக்கினார்கள். நான் என் வாசலில் நின்று பார்த்தேன். மஞ்சள் நாற்காலி ஒன்று நன்றாக இருந்தது. எடுத்து வந்து யூலுக்குக் கொடுத்தேன்.

இனி மருந்து.

அம்மாக்கள் மருந்து கொடுத்தனுப்புவார்கள். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் குப்பியில், பிள்ளையின் பெயர் ஒட்டி. சளி மருந்துதான் அதிகம். ஸ்ட்ராபெர்ரி வாசனை, இளஞ்சிவப்பு. ஜலதோஷம் போனபிறகும் குப்பியில் கொஞ்சம் மீதி இருக்கும். திருப்பிக் கொடுத்தால், "கொட்டிடுங்க டீச்சர்" என்பார்கள். கொட்ட எனக்கு மனம் வராது. மருத்துவர் எழுதிக்கொடுத்தது, பிள்ளைகளுக்கென்றே செய்தது. ஒரு கண்ணாடிப் புட்டியில் சேர்த்துவைத்தேன். குளிர்பெட்டியில், முள்ளங்கி டப்பாவுக்குப் பின்னால்.

அதை ஒளித்துவைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே இடம் இருந்தது, வைத்தேன்.

சென்ற வருடம் மார்ச்சில் ஒரு சின்னப் பெண் வந்து சேர்ந்தாள். புதிதாக வருகிற பிள்ளைகள் ஒரு வாரம் அழுவார்கள். இவள் மூன்று வாரம் அழுதாள். அவள் அழுதால் பக்கத்துப் பிள்ளை விழிக்கும், அது அழுதால் அடுத்தது. மேல்மாடிக்காரர் இறங்கி வந்து, "இது காப்பகமா, பன்னிப் பண்ணையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று அந்தப் பெண்ணுக்கு லேசாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் குப்பியில் மருந்து இருந்தது. கொடுக்கவேண்டிய வேளை அல்ல. கொடுத்தேன்.

கால்மணி நேரத்தில் தூங்கினாள். முகம் தெளிந்திருந்தது. சாயங்காலம் அவள் அம்மா, "முதல் தடவையா சிரிச்சுக்கிட்டே வெளிய வர்றா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிள்ளைகளுக்குள் வித்தியாசம் பார்க்கக்கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள். ஒருத்திக்கு நல்ல தூக்கம் கிடைக்கும்போது மற்றவர்களுக்கு ஏன் கிடைக்கக்கூடாது. சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கிற பார்லித் தண்ணீர்க் கெட்டிலில் கொஞ்சம் சேர்த்தேன். எல்லோருக்கும் ஒரே கெட்டில். யூல் மட்டும் அந்தத் தண்ணீர் குடிக்கமாட்டான், அவனுக்குப் பார்லி வாசனை பிடிக்காது. அவனுக்கு வெறும் தண்ணீர்.

"தினமுமா, மேடம்?"

தினமும்தான். பிள்ளைகளுக்கு எல்லாம் ஒழுங்காக நடக்கவேண்டும். ஒருநாள் உண்டு, ஒருநாள் இல்லை என்றால் குழம்பிப்போவார்கள்.

போரமுக்கு எதுவும் தெரியாது. அவள் வந்த புதிதில் தூங்கும் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பெரிய டீச்சர், இதுங்க தூங்குதா, இல்ல பேட்டரி தீந்துபோச்சா?"

"மெதுவா பேசு."

"எங்க அக்கா மகனை ஒரு மணி நேரம் முதுகுல கட்டிக்கிட்டு ஊர் சுத்துனாத்தான் கண்ணை மூடுவான். நீங்க என்ன வசியம் வெச்சிருக்கீங்க? எனக்கும் சொல்லுங்க, நாளைக்கு எனக்குன்னு ஒண்ணு பொறந்தா உதவும்."

"முதல்ல கல்யாணம் பண்ணு."

"அதுக்கும் ஏதாவது வசியம் இருந்தா சொல்லுங்க."

நல்ல பெண். வாய் கொஞ்சம் அதிகம். ஒருநாள் பிள்ளைகளின் கெட்டிலிலிருந்து ஒரு கப் ஊற்றிக் குடித்துவிட்டாள். "என்ன, லேசா இனிக்குது?" என்றாள். புது பார்லி என்றேன். அன்று மதியம் சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டபடியே இருந்தாள். பிள்ளைகள் குடிக்கிறதைப் பெரியவர்கள் தொடக்கூடாது, சுத்தம் முக்கியம் என்று அவளிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் தொடவில்லை. சொன்னால் கேட்டுக்கொள்கிற பெண்.

அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன்.

நவம்பரில் முதல் கடுங்குளிர். தரைக்கடியில் ஓடும் வெந்நீர்ச் சூட்டை விடியும்போதே கூட்டிவைத்திருந்தேன். அடுத்த வசந்தத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் அம்மாக்கள் மூன்று பேர் அன்று பார்க்க வருவதாக இருந்தார்கள். இப்படி வருகிறவர்களை நான் மதியம் ஒரு மணிக்கு வரச்சொல்வேன். அவர்களுக்கும் அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளை, எனக்கும் வசதி. தூங்கும் அறையைக் கண்ணாடி வழியே காட்டுவேன். நான் ஒன்றும் பேசவேண்டியதில்லை. மற்ற காப்பகங்களில் பொம்மைகளைக் காட்டுவார்கள், ஆங்கிலப் பாட்டுப் பாடவைப்பார்கள். தூங்குகிற பிள்ளைகளைக் காட்ட அவர்களால் முடியாது.

இன்வூ வழக்கமான நேரத்துக்கு வந்தான். இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. அவன் அம்மா பேரங்காடியில் காசாளர். வாசலில் அவன் நெற்றியில் வெப்பமானியைக் காட்டினேன். சரியாக இருந்தது. அவனைத் தூக்கும்போது ஸ்ட்ராபெர்ரி வாசனை வந்தது.

"என்ன, வாசனையா வந்திருக்கான்?"

"ஜாம் டீச்சர். ரொட்டியில தடவிக் குடுத்தேன், மூஞ்சி பூரா பூசிக்கிட்டான்."

"காய்ச்சல் இல்லையே?"

"சேச்சே. நேத்து லேசா மூக்கு ஒழுகுச்சு, அவ்வளவுதான். போன வாரமே ரெண்டு நாள் லீவு போட்டுட்டேன் டீச்சர். இன்னைக்கும் போட்டா மேனேஜர் என்னை மீன் வெட்டுற பக்கம் தள்ளிடுவான். அப்புறம் இன்வூ என்கிட்ட வரவே மாட்டான், நாத்தத்துல."

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஜாம் வாசனை வாயில் இருக்கும். மருந்து வாசனை மூச்சில் இருக்கும். காய்ச்சல் பிள்ளையை நாங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பவேண்டும் என்பது விதி. அதனால் அம்மாக்கள் வீட்டிலேயே மருந்து கொடுத்துவிடுவார்கள். நாங்கள் வெப்பமானியைக் காட்டும்போது சூடு இறங்கியிருக்கும், மதியம் மறுபடி ஏறும். எல்லா அம்மாக்களும் செய்வதுதான், எல்லா டீச்சர்களுக்கும் தெரிந்ததுதான். அவர்கள் ஜாம் என்பார்கள், நாங்கள் ஜாம் என்று ஏற்றுக்கொள்வோம். அவர்களுக்கு வேலைக்குப் போகவேண்டும். எங்களுக்குப் பிள்ளைகள் வேண்டும்.

ஆமாம், தெரியும். சளி மருந்தும் குடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்று எனக்கு வாசலிலேயே தெரியும்.

மதியம் அவன் சாப்பிடவில்லை. சோற்றைக் கடற்பாசிச் சூப்பில் பிசைந்து கொடுத்தாலும் துப்பினான். கன்னம் சிவந்திருந்தது. போரம் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். சத்தமாக அழவில்லை. ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தான். அது அழுகையைவிட மோசம், நிற்காது. ஒரு மணிக்கு ஆட்கள் வரப்போகிறார்கள்.

பார்லித் தண்ணீரை எல்லோருக்கும் ஊற்றினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கப். ஒவ்வொன்றிலும் ஒரு படம். இன்வூவுடையது வாத்து, யூலுடையது திமிங்கிலம். இன்வூ பாதி குடித்துவிட்டுத் தள்ளினான். நான் அவனை மடியில் வைத்துக்கொண்டேன். அதைப் பதிவில் பார்த்திருப்பீர்கள். மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தேன். ஒவ்வொரு வாய்க்கும் துடைத்துவிட்டேன். அப்போதும் முனகினான். இன்னொரு கப் ஊற்றினேன்.

"பெரிய டீச்சர், வேண்டாங்குறான் பாருங்க. விட்டுடலாமே," என்றாள் போரம்.

"உடம்பு சூடா இருக்கிற பிள்ளைக்குத் தண்ணிதான் முக்கியம்."

அது உண்மை. எந்த மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார்.

முதலில் தூங்கியவன் இன்வூதான். ஓரத்து மெத்தையில் மல்லாக்கப் படுக்கவைத்தேன். போரம் மார்பில் தட்டிக்கொடுத்தாள். ஒரு மணிக்கு எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

வந்த அம்மாக்கள் காலணியைக் கழற்றும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒருத்தி கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாள்.

"அடேயப்பா. என் வீட்டுல ஒண்ணைத் தூங்கவைக்க நாங்க ரெண்டு பேரும் செத்துப் பொழைக்கிறோம். இங்க எப்படிங்க?"

"ஒரே நேரம், ஒரே பழக்கம். அவ்வளவுதான்," என்றேன்.

"அந்த ஓரத்துல இருக்கிற குட்டியப் பாருங்க, எவ்வளவு அமைதி," என்றாள் இன்னொருத்தி. இன்வூவைத்தான் காட்டினாள்.

மூன்றாவது ஆள் யூலைப் பார்த்தாள். அவன் மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்து படப்புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தான். "இந்தத் தம்பி மட்டும் முழிச்சிருக்காரே?"

"இவன் என் பையன். அம்மா பக்கத்துல இருந்தா தூங்கமாட்டான்."

"அது சரி, டீச்சர் வீட்டுப் பிள்ளைன்னா யாருக்கும் அடங்காது," என்றாள். எல்லோரும் சத்தம் வராமல் சிரித்தோம். இரண்டு பேர் அங்கேயே பெயர் கொடுத்தார்கள்.

மூச்சு பார்ப்பது அன்று போரமின் முறை. அவளைத் தேநீர் போட அனுப்பியது நான். பிறகு அவர்கள் கிளம்பும்வரை வாசலில் நிற்கச்சொன்னதும் நான். விருந்தாளிகள் கிளம்பும்போது காலணியை வாசல் பக்கமாகத் திருப்பிவைக்க ஒரு ஆள் வேண்டும். இப்படிச் சின்ன விஷயங்களைத்தான் கவனிப்பார்கள்.

மூன்று மணிக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு எடுத்துவைத்துவிட்டுத் திரைச்சீலையை விலக்கினோம். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். எழுந்தவுடன் கொஞ்ச நேரம் எதையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர்கள் வழக்கம். இன்வூ எழவில்லை. போரம் அவன் கையைத் தொட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

பயிற்சியில் சொன்னபடி செய்தேன். தலையைச் சாய்த்தேன். மூக்கைப் பொத்தி வாயில் ஊதினேன். உள்ளங்கையின் அடிப்பகுதியால் மார்பை அழுத்தினேன். எண்ணிக்கை தவறவில்லை. ஆம்புலன்ஸில் வந்தவர் நான் செய்தது சரி என்றார்.

கெட்டிலைக் கழுவினேன். கப்புகளையும் கழுவினேன். மற்ற பிள்ளைகள் கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் முதலில் போரமைத்தான் கூட்டிக்கொண்டு போனீர்கள். பதிவில் கடைசியாக அவனைத் தட்டிக்கொடுத்தது அவள். எவ்வளவு பலமாகத் தட்டினாள் என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தீர்கள். என்னைக் கேட்டீர்கள். சில நேரம் கொஞ்சம் பலமாகத் தட்டுவாள் என்றேன். அது பொய் இல்லை. அவள் கை அப்படி. தொகுதி அம்மாக்களின் இணையக் குழுவில் அவள் படத்தைப் போட்டார்கள். அவள் வீட்டுக் கதவில் யாரோ முட்டை எறிந்தார்கள். ஊரிலிருந்து அவள் அம்மா வந்து கதவைத் துடைத்தாராம். போரம் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"பெரிய டீச்சர், நான் மெதுவாத்தானே தட்டுனேன்? நீங்க பக்கத்துல இருந்தீங்கல்ல? சொல்லுங்க, மெதுவாத்தானே?"

ஓய்வு எடு என்றேன். சாப்பிடாமல் இருக்காதே என்றேன்.

இன்வூவின் அம்மாவை மருத்துவமனையிலேயே இருக்கும் இறுதிச்சடங்குக் கூடத்தில் பார்த்தேன். சின்னப் பிள்ளை என்பதால் ஆட்களைக் கூப்பிடவில்லை. அவளும் அவள் கணவனும் மட்டும். நான் போனதும் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"டீச்சர், ஜாம் இல்ல. ஜாம்னு பொய் சொன்னேன். காய்ச்சலுக்கும் சளிக்கும் மருந்து குடுத்துட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன். அளவு பாக்காம ஊத்திட்டேனோ என்னவோ, பஸ்ஸுக்கு நேரமாச்சு. நான்தான். போலீஸ்கிட்ட இன்னும் சொல்லல. என் புருஷன்கிட்டயும் சொல்லல. நான்தான் டீச்சர்."

"உங்க மேல தப்பு இல்ல," என்றேன்.

"நீங்க என்னைத் தேத்துறதுக்காகச் சொல்றீங்க."

"இல்ல. உண்மையாவே உங்க மேல தப்பு இல்ல."

என் தோளில் சாய்ந்து அழுதாள். அந்தக் கூடத்தில் அவளிடம் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் நான்தான். அதற்கு மேல் விவரமாகச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். அந்த நிலையில் ஒரு தாயிடம் எவ்வளவு சொல்லமுடியும்.

பிறகு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஒரு அம்மா ஒரு காலையில் கொடுக்கிற அளவு அல்ல அது என்று சொன்னீர்கள். மற்ற பிள்ளைகளின் தலைமுடியையும் வெட்டி அனுப்பினீர்கள். அதில் பல மாதத்து மருந்து இருந்தது. முள்ளங்கி டப்பாவை நகர்த்தினீர்கள்.

சரி. நேராகவே சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கெட்டிலில் மருந்தைக் கலந்தது நான். சென்ற வருடம் மார்ச்சிலிருந்து தினமும் கலந்தேன். இன்வூவுக்கு இரண்டு கப் கொடுத்ததும் நான். ஏற்கெனவே மருந்து குடித்திருக்கிறான் என்று தெரிந்துதான் கொடுத்தேன். போரமை அனுப்பிவிடுங்கள். அவள் தன் அம்மாவோடு ஊருக்குப் போகட்டும்.

ஒன்றை மட்டும் நீங்கள் புரிந்துகொள்ளவேண்டும். அதில் கெடுதல் இருக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஒரு கணம் தோன்றியிருந்தாலும் நிறுத்தியிருப்பேன். நானும் பெற்றவள். என் பிள்ளை, அடுத்தவர் பிள்ளை என்று நான் பிரித்துப் பார்த்தது கிடையாது. ஒரே சோறு, ஒரே தரை, ஒரே கெட்டில். பதிவை எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுப் பாருங்கள்.

மடிக்கணினியை என் பக்கம் திருப்புகிறீர்கள். இது பெரிய அறை. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து. பிள்ளைகள் பழம் தின்கிறார்கள். திமிங்கிலக் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பவன் யூல். மேலுதட்டில் பழுப்பாக ஒரு கோடு. இன்னும் வேண்டும் என்று கப்பை என்னிடம் நீட்டுகிறான். நான் கெட்டிலைச் சாய்க்கிறேன்.

"காலையில அதே பார்லித் தண்ணியை உங்க பையன் கேட்டுக் கேட்டுக் குடிக்கிறான், மேடம். எல்லா நாளும் பார்த்துட்டேன். மதியக் கெட்டில் வந்தா மட்டும் நீங்க எழுந்து போய் அவனுக்குக் குழாயில பிடிச்சுட்டு வர்றீங்க. ஏன்?"